விசிட்டிங் கார்டு சேர்ப்பது வேறு, தொழில் தொடர்பு வளர்ப்பது வேறு

பெண் தொழில்முனைவோர் கூட்டங்களுக்குப் போய்வரும் பலரிடம் கேட்கும் புலம்பல் ஒன்றுதான். நாலு பேரைப் பார்த்தோம், கார்டு மாற்றிக்கொண்டோம், வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்தார்கள், அதன்பிறகு ஒரு ஆர்டரும் வரவில்லை என்பார்கள். குறை அவர்களிடம் இல்லை. ஒருமுறை கூடிக் கலையும் கூட்டத்தால் வியாபாரம் வளர்வது அபூர்வம். யாரோடு கூடுகிறோம், எத்தனை நாளுக்கு ஒருமுறை, உட்கார்ந்து எதைப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தே பலன் வருகிறது.

இதைச் சோதனையாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். சீனாவின் நான்சாங் நகரில் 2,820 இளம் நிறுவனங்களை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினரைச் சுமார் 10 பேர் கொண்ட குழுக்களாக்கி, ஓராண்டுக்கு மாதம் ஒருமுறை சந்திக்க வைத்தார்கள். மற்றவர்களுக்குச் சந்திப்பு கிடையாது. ஜிங் சாய், ஆடம் ஸெய்டல் இருவரும் 2018இல் வெளியிட்ட முடிவின்படி, கூடிப் பேசியவர்களின் விற்பனை வருமானம் 8.1 சதவீதம் கூடியது. லாபமும், வாங்கிய கடனும், வணிகக் கூட்டாளிகளின் எண்ணிக்கையும் கூடின. சந்திப்புகள் முடிந்து ஓராண்டு கழித்தும் அந்தப் பலன் நிலைத்திருந்தது. பெண்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு அல்ல இது. ஆனால் அதில் வந்த இரண்டு உபமுடிவுகள் நமக்கு நேரடியாக உதவும். குழுவுக்கு வெளியே ஒரே ஒருமுறை மட்டும் சந்திக்க வைக்கப்பட்டவர்களைவிட, குழுவுக்குள் தொடர்ந்து சந்தித்தவர்களிடையே கூடுதல் வணிக உறவுகள் உருவாயின. எதிரில் இருப்பவர் தனக்குப் போட்டியில்லை என்றபோது கூடுதலாக மனம்விட்டுத் தகவல் சொன்னார்கள்.

ஆகவே குழு அமைக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் வாடிக்கையாளர்களைப் போன்றவர்களுக்கே வேறு ஏதோ ஒன்றை விற்பவர்களைத்தான். அலுவலகங்களுக்குச் சீருடை தைப்பவர், அட்டைப்பெட்டி செய்பவர், கணக்கு எழுதிக் கொடுப்பவர், நிறுவன நிகழ்ச்சிகளை நடத்துபவர் ஆகிய நால்வரும் ஒரே கதவைத் தட்டுகிறவர்கள். ஒருவர் ஆர்டரை ஒருவர் பறிக்க முடியாது. நான்கு சீருடைக்காரர்களை ஒன்றாக உட்கார வைத்தால் வானிலையைப் பற்றித்தான் பேசுவார்கள். தொழிலின் படிநிலையும் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். நேற்று ஆரம்பித்தவரும் 60 பேருக்குச் சம்பளம் கொடுப்பவரும் ஒரே குழுவில் இருந்தால், ஒருவர் எப்போதும் கேட்பவர், இன்னொருவர் எப்போதும் சொல்பவர் என்றாகி, சொல்பவர் சீக்கிரமே வருவதை நிறுத்திவிடுவார்.

எண்ணிக்கை ஆறிலிருந்து எட்டு. ஐந்துக்குக் கீழே போனால் இரண்டு பேர் வராத மாதத்தில் கூட்டமே நடக்காது. பத்தைத் தாண்டினால் ஒருவருடைய முறை வருவதற்குள் ஆறு மாதம் ஓடிவிடும். தேதியை ஆண்டு முழுவதற்கும் முதல் கூட்டத்திலேயே குறித்துவிடுங்கள். மாதத்தின் இரண்டாம் செவ்வாய், காலை 10:30 என்பதுபோல மாறாத நாளும் நேரமும் வேண்டும். ‘எல்லோருக்கும் எப்போது வசதி?’ என்று ஒவ்வொரு மாதமும் குரூப்பில் கேட்க ஆரம்பித்த குழு மூன்றாவது மாதத்தில் நின்றுவிடும். மாலை ஏழு மணிக்குமேல் வைக்கும் கூட்டம், பிள்ளைகளையும் வயதானவர்களையும் பார்த்துக்கொள்ளும் பெண்களைச் சொல்லாமலே வெளியே தள்ளிவிடுகிறது. பெரிய சங்கங்கள் பலவற்றில் பெண்கள் குறைவாக இருப்பதற்கு இந்த நேரத் தேர்வும் ஒரு காரணம் என்பதை நிர்வாகிகள் யோசித்துப் பார்ப்பதே இல்லை.

கூட்டம் 90 நிமிடம். முதல் 10 நிமிடம் சென்ற மாதம் செய்வதாகச் சொன்னதை யார் யார் செய்தார்கள் என்பதற்கு. அடுத்து ஒரு மணி நேரம் இரண்டு பேருக்கு, ஆளுக்கு 30 நிமிடம். அந்த 30 நிமிடத்தில் ஐந்து நிமிடம் அவர் தன் சிக்கலை எண்களோடு சொல்ல வேண்டும். அடுத்த பத்து நிமிடம் மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்கலாம், யோசனை சொல்லக் கூடாது. அதன்பிறகு பத்து நிமிடம் யோசனைகள். கடைசி ஐந்து நிமிடத்தில் ‘இந்தத் தேதிக்குள் இதைச் செய்வேன்’ என்று அவரே சொல்லி, ஒருவர் எழுதிக்கொள்வார். மிச்சமிருக்கும் 20 நிமிடம், யாருக்கு யார் தேவை, யாரிடம் என்ன உதவி இருக்கிறது என்பதற்கு.

கேள்விக்கான அந்தப் பத்து நிமிடத்தைத்தான் எல்லாக் குழுவும் முதலில் விட்டுவிடுகிறது. விற்பனை குறைந்துவிட்டது என்று ஒருவர் சொன்னதும், ‘இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போடுங்கள்’ என்று ஆறு பேரும் ஆரம்பித்துவிடுவார்கள். கேள்வி கேட்டால்தான் விற்பனை குறையவில்லை, இரண்டு பெரிய வாடிக்கையாளர்கள் 75 நாளாகப் பணம் தராததால் மூலப்பொருள் வாங்க முடியாமல் உற்பத்திதான் குறைந்திருக்கிறது என்பது வெளியே வரும். அந்தச் சிக்கலுக்கு விளம்பரம் மருந்தில்லை. முன்பணம் கேட்கும் முறையும், பில் போட்ட 30ஆம் நாள் யார் போன் செய்வது என்பதும்தான் மருந்து.

குழுவில் பேசும் வாடிக்கையாளர் பெயர், லாப விகிதம், வீட்டுச் சூழல் எதுவும் வெளியே போகக் கூடாது என்பதை ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். தெரிந்த விஷயம்தானே என்று விட்டுவிடாதீர்கள். ஒரே ஒரு தகவல் கசிந்தாலும் அதற்குப்பின் யாரும் உண்மையான எண்ணைச் சொல்ல மாட்டார்கள்.

கேட்பதிலும் அறிமுகம் செய்வதிலும்

‘எனக்கு ஆர்டர் வேண்டும், யாராவது இருந்தால் சொல்லுங்கள்’ என்று கேட்டால் எதிரில் இருப்பவர் மனதில் ஒரு முகமும் வராது. சீருடை தைப்பவர் இப்படிக் கேட்கட்டும்: ‘50 முதல் 200 ஊழியர்கள் உள்ள ஹோட்டல், மருத்துவமனைகளில் கொள்முதலைப் பார்க்கும் மேலாளர் யாரையாவது தெரியுமா? குறைந்தது 40 செட் எடுப்பேன், அளவெடுத்த 18ஆம் நாள் கொடுப்பேன். முதலில் ஒரு மாதிரி செட் தைத்துக் காட்டுகிறேன்.’ எந்த மாதிரி இடம், அங்கே எந்தப் பொறுப்பில் இருப்பவர், எவ்வளவு முடியும், எத்தனை நாளில், முதல் படி என்ன என்ற ஐந்தும் இதில் இருக்கின்றன. பெண்கள் பலர் இவ்வளவு தெளிவாகக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். அதிகாரமாகப் பேசுகிறாள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் அது. உண்மையில் தெளிவாகக் கேட்பது எதிரில் இருப்பவருக்கு வேலையைக் குறைக்கிறது.

அறிமுகம் செய்வதில் ஒரே விதிதான். இரண்டு பக்கமும் சம்மதம் வாங்காமல் போன் எண்ணைக் கொடுக்கக் கூடாது. வாங்குபவருக்கு முதலில் போகும் செய்தி இப்படி இருக்கலாம்:

‘வணக்கம் சார். ஹவுஸ்கீப்பிங் சீருடையை மாற்றப் போவதாகச் சொல்லியிருந்தீர்கள். சீருடை தைக்கும் யூனிட் நடத்தும் ஒருவரை இரண்டு வருடமாகத் தெரியும். என் கடைப் பணியாளர்களுக்கு 12 செட் தைத்துத் தந்தார். சொன்ன தேதியில் வந்தது. இரண்டு செட்டில் அளவு தப்பியிருந்தது, மூன்றே நாளில் சரிசெய்து கொடுத்துவிட்டார். இப்போது தேவை இருந்தால் அவரை உங்களிடம் பேசச் சொல்லட்டுமா? இல்லையென்றாலும் பரவாயில்லை.’

அளவு தப்பிய விஷயத்தை எழுதியது வேண்டுமென்றேதான். ‘அருமையான வேலை, நம்பி ஆர்டர் கொடுக்கலாம்’ என்று எல்லோரும் எல்லோரைப் பற்றியும் எழுதுகிறார்கள், அதனால் அந்த வரிக்கு மதிப்பில்லை. தவறு நடந்தபோது எப்படி நடந்துகொண்டார் என்பதைத்தான் கொள்முதல் செய்பவர் தெரிந்துகொள்ள விரும்புகிறார். அவருடைய வேலையை நீங்கள் வாங்கிப் பார்த்ததில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்: ‘வேலை பார்த்ததில்லை, ஆளைத் தெரியும், மாதிரி பார்த்து முடிவு செய்யுங்கள்.’ பரிந்துரைக்கக் கமிஷன் வாங்குவதாக இருந்தால் அது வாங்குபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பின்னால் தெரியவந்தால் போவது உங்கள் பெயர்.

சம்மதம் வந்ததும், அறிமுகம் பெற்றவர் ஒரு நாளுக்குள் பேசிவிட வேண்டும். ஆர்டர் கிடைத்ததோ இல்லையோ, ஒரு வாரத்துக்குள் அறிமுகம் செய்தவரிடம் என்ன ஆனது என்று சொல்ல வேண்டும். தொடர்புகள் அறுந்துபோவது பெரும்பாலும் இங்கேதான். அறிமுகம் செய்தவர் மூன்று வாரம் கழித்து வேறொரு இடத்தில் அந்த மேலாளரைச் சந்தித்து, ‘நீங்கள் சொன்னவர் கூப்பிடவே இல்லையே’ என்று கேட்க நேர்ந்தால், இரண்டாவது அறிமுகம் ஒருநாளும் வராது.

வழிகாட்டியிடம் என்ன கேட்பது

நைரோபியின் டண்டோரா பகுதியில் சிறுதொழில் செய்யும் பெண்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. 2018இல் முடிவு வெளியானது. ஒரு பிரிவினருக்கு வகுப்பறையில் வணிகப் பயிற்சி, இன்னொரு பிரிவினருக்கு அதே பகுதியில் வெற்றிகரமாகத் தொழில் நடத்தும் அனுபவசாலிப் பெண் ஒருவர் வழிகாட்டி. வழிகாட்டி கிடைத்தவர்களின் லாபம் சராசரியாக 20 சதவீதம் கூடியது. வகுப்பில் படித்தவர்களுக்கு லாபம் கூடவில்லை. வழிகாட்டியால் கிடைத்த பலனில் முக்கியமானது, குறைந்த விலைக்குச் சரக்குத் தரும் சப்ளையர் யார் என்ற தகவல். இருவரும் சந்திப்பதை நிறுத்தியபோது பலனும் தேய்ந்துபோனது.

நம்மில் பலர் வழிகாட்டியைக் கண்டால் ‘உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன?’ என்று கேட்கிறோம். அதற்குக் கிடைக்கும் பதிலை வைத்து ஒரு கிலோ சரக்குகூட மலிவாக வாங்க முடியாது. எங்கே வாங்குகிறீர்கள், குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு, எத்தனை நாள் கடன் தருகிறார்கள், எந்த மாதத்தில் சரக்குத் தட்டுப்பாடு வரும், பணம் இழுத்தடிக்கும் வாடிக்கையாளரின் முதல் அறிகுறி என்ன, முதல் ஊழியரை எப்போது சேர்த்தீர்கள், அப்போது மாத விற்பனை எவ்வளவு என்று கேளுங்கள். உங்களைவிட இரண்டு மூன்று படி முன்னால் இருப்பவரே இதற்கு ஏற்றவர். இருபது படி மேலே போனவருக்கு இந்த விவரங்கள் மறந்துபோயிருக்கும், சந்தையும் மாறியிருக்கும். அரை மணி நேரம் கேளுங்கள், மூன்று கேள்வியை முன்கூட்டியே அனுப்புங்கள், அவர் சொன்னதில் எதைச் செய்தீர்கள் என்று அடுத்த மாதம் சொல்லுங்கள். அப்படிச் சொல்பவருக்குத்தான் மறுபடியும் நேரம் ஒதுக்கத் தோன்றும்.

பெண்கள் குழு மட்டும் போதுமா?

போதாது. இதைப் பெண்கள் குழுக்களை மனதார விரும்புகிறவர்களே சொல்ல வேண்டும்.

உகாண்டாவின் கம்பாலாவில் உலோக வேலை, மின்வேலை போல ஆண்கள் நிறைந்த துறைகளுக்குப் போன பெண்களை ஆராய்ந்தபோது, வழக்கமான பெண்கள் துறைகளிலேயே தங்கியவர்களைவிட அவர்கள் மும்மடங்கு சம்பாதிப்பது தெரியவந்தது. தங்கியவர்களில் பலருக்கு அந்த வித்தியாசமே தெரியாது. துறை மாறியவர்களுக்கு வழி திறந்தது பெரும்பாலும் அந்தத் தொழிலில் ஏற்கெனவே இருந்த உறவினரோ நண்பரோ, அதிலும் பெரும்பாலும் ஆண்கள். ஒரே மாதிரித் தொழில் செய்யும் பெண்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தால், அடுத்த தெருவில் எவ்வளவு லாபம் ஓடுகிறது என்ற செய்தி உள்ளே வராது.

ஹெர்மினியா இபாரா 1992இல் ஒரு விளம்பர நிறுவனத்தை ஆராய்ந்து இன்னொன்றைக் காட்டினார். ஆண்களுக்கு நட்பும் வேலை உதவியும் பெரும்பாலும் ஆண்களிடமிருந்தே கிடைத்தன. பெண்கள் நட்புக்கும் ஆறுதலுக்கும் பெண்களிடமும், காரியம் ஆவதற்கு ஆண்களிடமும் போக வேண்டியிருந்தது. அதாவது பெண்களுக்கு இரண்டு வட்டங்களைப் பராமரிக்கும் வேலை. நேரம் குறைவாக இருப்பவர் தலையில்தான் இந்த இரட்டை வேலையும் விழுகிறது. எனவே எட்டுச் சங்கங்களில் சந்தா கட்டுவதை விட்டு இரண்டோடு நிறுத்துங்கள்: ஒரு சிறிய பெண்கள் குழு, உங்கள் துறையின் பொதுச் சங்கம் ஒன்று. பொதுச் சங்கத்துக்குத் தனியாகப் போகாமல் இன்னொரு பெண் தொழில்முனைவோரோடு போங்கள். நீங்கள் உங்களைப் பற்றிச் சொல்லத் தயங்கும் இடத்தில் அவர் சொல்வார், அவருக்காக நீங்கள் சொல்லலாம். அங்கே பொறுப்புக் கொடுத்தால் வரவேற்பு, உபசரிப்பு, ஆண்டுவிழா ஏற்பாடு போன்றவற்றை ஏற்காதீர்கள். பெண்களிடம் முதலில் நீட்டப்படுவது இவைதான். உழைப்பு அதிகம், பலன் குறைவு. உறுப்பினர் சேர்க்கை, கண்காட்சி அரங்கு ஒதுக்கீடு, பேச்சாளர் தேர்வு ஆகிய மூன்றில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். புதிதாக வருபவர் ஒவ்வொருவரும் உங்களிடம் பேசித்தான் ஆக வேண்டும்.

பக்கத்தில் ஒரு தோழி இருப்பதன் பலத்தை லேசாக எடைபோடக் கூடாது. சுயதொழில் செய்யும் பெண்களுக்காக 1972இல் எலா பட் தொடங்கிய சேவா சங்கத்தின் வங்கி அகமதாபாத்தில் 1974இலிருந்து இயங்குகிறது. அதன் வாடிக்கையாளர்களான பெண்களுக்கு 2006இல் இரண்டு நாள் தொழில் ஆலோசனைப் பயிற்சி கொடுத்து ஆராய்ந்தார்கள். சிலரைத் தனியாக அழைத்தார்கள், சிலரைத் தோழியோடு வரச் சொன்னார்கள். தோழியோடு வந்தவர்கள் தொழிலுக்குக் கூடுதலாகக் கடன் வாங்கினார்கள், நான்கு மாதத்துக்குப் பிறகு அவர்களின் குடும்ப வருமானமும் கூடியிருந்தது. தனியாக வந்தவர்களிடம் அப்படி மாற்றம் இல்லை. வீட்டை விட்டு வெளியே போகக் கட்டுப்பாடுகள் அதிகமுள்ள சமூகப் பெண்களிடம் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாக இருந்தது. பாடம் ஒன்றேதான், நாள்களும் இரண்டேதான். திரும்பிப் போகும் வழியில் ‘நாமும் செய்யலாம்’ என்று பேச ஆள் இருந்தது என்பதே வித்தியாசம்.

பணம் சம்பந்தப்பட்ட இடங்கள்

குழுவில் விலை பற்றிப் பேசுங்கள், ஆனால் எப்படிக் கணக்கிடுவது என்பதைப் பேசுங்கள். பொருள் செலவு, கூலி, வாடகை, கழிவு, பணம் வரத் தாமதமாவதால் ஏறும் வட்டி, உங்கள் சொந்த உழைப்புக்கான சம்பளம் எல்லாம் சேர்ந்துதான் அடக்கவிலை. பெண்கள் நடத்தும் சிறுதொழில்களில் பெரும்பாலும் விடுபடுவது அந்தக் கடைசி வரி. ஒரே பொருளை விற்பவர்கள் சேர்ந்து ‘இதற்குக் கீழே யாரும் விற்கக் கூடாது’ என்று முடிவெடுப்பது மட்டும் வேண்டாம். பல நாடுகளில் போட்டிச் சட்டப்படி அது தவறு.

கொள்ளளவுக்கு மேல் ஆர்டர் வந்தால் குழுவில் ஒருவரோடு பகிர்வது நல்ல வழி. பகிர்வதற்குமுன் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள்: எத்தனை, எந்தத் தேதி, ஒப்புக்கொண்ட மாதிரி எது, கழித்த சரக்கின் செலவு யாருக்கு, வாடிக்கையாளரிடம் பேசுவது யார், வாடிக்கையாளர் தாமதித்தாலும் உங்களுக்குச் செய்தவருக்குப் பணம் எந்தத் தேதியில், அடுத்த 12 மாதம் அந்த வாடிக்கையாளரிடம் நேரடியாகப் போவதில்லை என்ற உறுதி. ‘நமக்குள் என்ன எழுத்து’ என்று விட்ட இடங்களில்தான் நட்பும் போகிறது, ஆர்டரும் போகிறது.

சேர்ந்து மூலப்பொருள் வாங்கும்போது முன்பணம் கைக்கு வந்த அளவுக்கு மட்டுமே ஆர்டர் போடுங்கள். ஒருவர் கடைசி நிமிடத்தில் விலகினால் அந்தப் பங்கு ஏற்பாடு செய்தவர் தலையில் விழும். உறுப்பினர்களுக்குள் கைமாற்றுக் கடன் கூடாது என்பதை முதல் நாளே விதியாக்குங்கள். சேமிப்புக் குழு வேண்டுமென்றால் அதற்கென்று தனிக் கணக்கு, தனிப் பதிவேடு, தனிக் கூட்டம்.

வாட்ஸ்அப் குரூப்பைக் காப்பாற்றுவது எளிது, யாராவது கண்டிப்பாக இருந்தால். காலை வணக்கம், பண்டிகை வாழ்த்து, தள்ளுபடி விளம்பரம் மூன்றும் கிடையாது. திங்கள்கிழமை யாருக்கு என்ன தேவை என்பதும், வெள்ளிக்கிழமை அதில் என்ன நடந்தது என்பதும் போடலாம். மற்ற நாள்களில் அவசரம் மட்டும். ‘ஒரு சின்ன உதவி’ என்று லோகோ வரைந்து தரச் சொல்வதும், கணக்கைப் பார்த்துத் தரச் சொல்வதும் இன்னொரு தொல்லை. அடுத்தவருடைய தொழிலை இலவசமாகக் கேட்பது அது. 15 நிமிட ஆலோசனை வரை நட்பு, அதற்குமேல் கட்டணம் என்று குழுவே சொல்லிவிட்டால் யாரும் தனியாக மறுக்க வேண்டியதில்லை.

பெரிய நிறுவனங்களுக்கு விற்க நினைப்பவர்களுக்குச் சான்றிதழ் வலையமைப்புகள் உண்டு. 2009இல் தொடங்கிய வீகனெக்ட் இன்டர்நேஷனல், 51 சதவீதமாவது பெண்களுக்குச் சொந்தமாகவும், பெண்களின் நிர்வாகத்திலும் கட்டுப்பாட்டிலும் இருக்கும் நிறுவனங்களுக்குச் சான்று தருகிறது. விண்ணப்பங்கள் தடுமாறும் இடம் அந்தக் கட்டுப்பாடு என்ற சொல். பங்கு பெண் பெயரில் இருக்கும், வங்கிக் கையெழுத்தும் ஒப்பந்தக் கையெழுத்தும் கணவரிடமோ அண்ணனிடமோ இருக்கும். விண்ணப்பிக்கும் முன் அதைச் சரிசெய்யுங்கள். சான்று ஆர்டரைத் தராது, கொள்முதல் செய்பவர் தேடும் பட்டியலில் உங்களைச் சேர்க்கும், அவ்வளவே. என்ன செய்கிறீர்கள், மாதக் கொள்ளளவு என்ன, யாருக்குச் செய்திருக்கிறீர்கள், என்ன தரச்சான்று வைத்திருக்கிறீர்கள் என்ற ஒரு பக்க அறிமுகம் கையில் தயாராக இருந்தால்தான் அந்தப் பட்டியல் பயன்படும்.

சங்கம் என்பது ஆர்டருக்கு மட்டுமல்ல என்பதற்கும் ஒரு சான்று உண்டு. அமெரிக்காவில் 1988இல் பெண்கள் தொழில் உரிமைச் சட்டம் வரும்வரை, பெண் தொழிற்கடன் கேட்டால் ஆண் உறவினரின் கையெழுத்தைக் கேட்கும் வழக்கம் சில மாநிலங்களில் நீடித்தது. 1975இல் அமைந்த பெண் தொழில் உரிமையாளர்களின் தேசியச் சங்கம் தொடர்ந்து வாதாடியதால் அது மாறியது. ஒரு பெண் தனியாகப் போய் வங்கி மேலாளரிடம் முறையிட்டிருந்தால் அவருடைய விண்ணப்பம் மட்டும் குப்பைக்கூடைக்குப் போயிருக்கும்.

பலன் வருகிறதா என்று பார்க்க ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: யார் அறிமுகம் செய்தார், சந்தித்தோமா, விலைப்பட்டியல் கேட்டார்களா, ஆர்டர் வந்ததா, பணம் வந்ததா. எதிர்ப்பக்கத்தில் நீங்கள் மற்றவர்களுக்குச் செய்த அறிமுகங்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் சிக்கல் எந்தக் கட்டத்தில் என்று தெரியும். சந்திப்பு நிறைய, விலைப்பட்டியல் குறைவு என்றால் உங்கள் வேண்டுகோள் தெளிவாக இல்லை, தவறான ஆளிடம் அனுப்புகிறார்கள். விலைப்பட்டியல் நிறைய, ஆர்டர் குறைவு என்றால் விலையிலோ மாதிரியிலோ குறை இருக்கிறது, குழுவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இரண்டு பக்கமும் வெறுமையாக இருந்தால் அந்தக் குழுவிலிருந்து விலகுங்கள். விலகும்போது பாதியில் நிற்கும் அறிமுகங்களை முடித்துவிட்டு, உங்கள் இடத்துக்குப் பொருத்தமான ஒருவரின் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள்.